ஒரு ‘ரிமெம்பர்’, ஐந்து உக்ரைனியச் சொற்கள்

மொழிபெயர்ப்பாளராக உக்ரைனின் ல்வீவ் நகரில் ஒன்பது ஆண்டுகள் இருந்ததைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நினைவு, அஞ்சலி, மறதி பற்றியவை. அங்கே படித்தவர்களும் பழகியவர்களும் நம்மிடையே நிறைய பேர். அங்கே போர் நடக்கிறது. ஆகவே இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடிதம் எழுதிய எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான்: மனதில் ஒரு ஆங்கில வாக்கியம் வருகிறது, அதை அப்படியே உக்ரைனியத்தில் இறக்கப் பார்க்கிறார்கள். நானும் பல வருடம் அதையே செய்தவள். உக்ரைனியச் சொற்களை என் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுகிறேன். சரியான எழுத்துக்கு அகராதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்கிவில் மருத்துவம் படித்தபோது ஒரு அம்மாவின் வீட்டில் குடியிருந்தேன். அவர் இறந்துவிட்டதாக அவருடைய மகள் செய்தி அனுப்பியிருக்கிறார். ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பதைச் செயலியில் போட்டு எடுத்த வரியை இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. நீங்கள் இணைத்த வரி ‘விபாச்தெ’ என்று தொடங்குகிறது. அதற்கு ‘மன்னியுங்கள்’ என்று பொருள். காலை மிதித்துவிட்டால் சொல்கிற சொல் அது. ‘உங்கள் இழப்புக்கு மன்னிக்கவும்’ என்று யாராவது உங்களுக்கு எழுதினால் எப்படி இருக்கும்? இவர் என்ன தப்பு செய்தார் என்றுதானே யோசிப்பீர்கள்? ஆங்கிலத்தில் ‘சாரி’ மன்னிப்புக்கும் வருத்தத்துக்கும் ஒரே சொல். உக்ரைனியத்தில் இரண்டும் வேறு வேறு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ல்வீவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டியின் தம்பி இறந்தபோது, ‘விபாச்தெ’ தவறு என்று தெரிந்ததால் ‘மெனி ஷ்கோதா’ என்று சொன்னேன். அகராதியில் ‘எனக்கு வருத்தம்’ என்றுதான் போட்டிருந்தது. பாட்டி எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே, “தோன்யு, கோப்பை உடைந்தால் ஷ்கோதா. மனிதர் போனால் ஸ்பிவ்சுவாயு” என்றார். ‘தோன்யு’ என்றால் ‘மகளே’. ‘மெனி ஷ்கோதா’ இலக்கணப்படி பிழையில்லை, சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் சாவு வீட்டில் அது ‘அடடா, பாவம்’ அளவில் நின்றுவிடுகிறது.

‘ஸ்பிவ்சுவாயு’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘உடன் உணர்கிறேன்’ என்று வரும். எழுதும்போது ‘ஷ்சீரி ஸ்பிவ்சுத்யா’, அதாவது மனமார்ந்த அனுதாபம், என்று தொடங்கலாம். அடுத்த வரியில் ‘ஸ்வித்லா பாம்யாத்’ என்று எழுதுங்கள். நேராகச் சொன்னால் ‘ஒளியான நினைவு’. ‘விச்னா பாம்யாத்’, அதாவது ‘நித்திய நினைவு’ என்பதும் உண்டு. இறந்தவருக்காகத் தேவாலயத்தில் நடக்கும் பானாஹீதா வழிபாட்டின் முடிவில் பாடுவது அது; இப்போது எல்லோரும் எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், தவறில்லை. நேரில் பேசும்போது, இறந்தவரின் பெயர் வந்தாலே ‘அவருக்கு விண்ணரசு கிடைக்கட்டும்’ என்று நடுவில் ஒரு வார்த்தை சேர்ப்பது பெரியவர்கள் வழக்கம். நீங்கள் அதை எழுத வேண்டியதில்லை.

மூன்றாவது வரிக்கு எந்த மரபுத் தொடரும் வேண்டாம். அந்த அம்மா உங்களுக்குச் செய்த ஏதாவது ஒரு காரியத்தைச் சொல்லுங்கள், போதும். மகளை ‘வி’ என்றே எழுதுங்கள். நம் ‘நீங்கள்’ தான் அது. பெயரை விளிக்கும்போது விளி வேற்றுமை போட மறக்க வேண்டாம்: பெயர் ஒலேனா என்றால் ‘பானி ஒலேனோ’. தமிழிலும் விளி வேற்றுமை இருப்பதால் இது நமக்குக் கஷ்டமே இல்லை. அப்புறம், அங்கே இருக்கும் நண்பர் மூலம் பூ அனுப்புவதாகக் கேட்டிருந்தீர்கள். துக்கத்துக்கு இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் பூ. ஒற்றைப்படை பிறந்தநாளுக்கு.

கேள்வி: ‘ரிமெம்பர்’ என்ற ஒரு சொல்லுக்கு அகராதி நாலைந்து உக்ரைனிய வினைகளைக் காட்டுகிறது. எதை எங்கே போடுவது?

பதில்: இந்த இதழில் வந்த எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆங்கிலத்து ‘ரிமெம்பர்’ ஒரு பெரிய பை. வைத்திருப்பது, எடுப்பது, தேடுவது, மனதில் பதிப்பது, இறந்தவரைப் போற்றுவது எல்லாமே அதற்குள் கிடக்கின்றன. உக்ரைனியத்தில் அந்தப் பை கிடையாது. மனம் அந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘பாம்யதாதி’ என்றால் நினைவில் வைத்திருப்பது. அது ஒரு நிலை. பள்ளிக்கூடத்து முதல் நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பது இது. அதில் ‘திடீரென்று’ என்பதற்கு இடமில்லை.

‘ஸ்ஹதாதி’ என்றால் நினைவுக்கு வருவது, நினைவுக்குக் கொண்டுவருவது. ஒரு கணத்தில் நடப்பது. வந்த புதிதில் ஒருநாள் பாட்டியோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் அடுப்பை அணைக்கவில்லை என்பது உறைத்தது. ‘யா பாம்யதாயு!’ என்று கத்தினேன். “நல்லது, நினைவில் வைத்துக்கொள்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘ஸ்ஹதாலா’, அதாவது ‘ஞாபகம் வந்துவிட்டது’. (ஆணாக இருந்தால் ‘ஸ்ஹதாவ்’.) நல்லவேளையாகப் பால் மட்டும்தான் பொங்கி வழிந்திருந்தது. இதே வினைக்குக் குறிப்பிட்டுப் பேசுதல் என்றும் பொருள் உண்டு. ‘உன்னைப் பற்றி ஸ்ஹதாவ்’ என்றால் அவர் உன்னை நினைத்தாரா, உன் பேச்சை எடுத்தாரா என்பதைச் சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

‘ப்ரிஹதாதி’ என்றால் நெற்றியைச் சுருக்கி, யோசித்து யோசித்து வெளியே எடுப்பது. சாட்சியிடம் வழக்கறிஞர் கேட்பது இது.

‘ஸபாம்யதாதி’ என்றால் மனதில் பதித்துக்கொள்வது. தொலைபேசி எண்ணை, வழியை, முகத்தை.

ஐந்தாவது ‘போம்யனூதி’. இறந்தவரை, பெயர் சொல்லி, வாயால் நினைவுகூர்வது. வழிபாட்டில் பூசாரி பெயர்ப் பட்டியலைப் படிப்பதும் இதுதான், சவ அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து உண்ணும் ‘போமின்கி’ விருந்துக்கும் இதோடு உறவு உண்டு. உக்ரைனியக் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ 1845 டிசம்பரில், பெரெயாஸ்லாவ் ஊரில் நோயுற்றுக் கிடந்தபோது எழுதிய ‘மரண சாசனம்’ கவிதையின் கடைசி வரிகளில் இந்தச் சொல்தான் நிற்கிறது: என்னையும் போம்யனூதி செய்ய மறந்துவிடாதீர்கள், தீமையில்லாத மெல்லிய சொல்லால். ‘மறக்காதீர்கள்’, ‘நினைவுகூருங்கள்’ என்று இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஆங்கிலத்தில் வெறும் ‘ரிமெம்பர்’ போட்டால் ‘சொல்லால்’ என்பது தொங்கிக்கொண்டு நிற்கும், ஏனென்றால் அந்த வினை மனதுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. உக்ரைனிய வினை வாயைத் திறக்கச் சொல்கிறது. தமிழில் ‘நினைவுகூர்’ என்பதில் உள்ள ‘கூர்’ இதற்கு ஓரளவு கிட்டே போகிறது என்று எனக்குத் தோன்றும். அந்த ‘தீமையில்லாத மெல்லிய சொல்’ இப்போது பேச்சு வழக்கில் கிண்டலாகவும் வரும்: மேலதிகாரியை ‘மெல்லிய சொல்லால் நினைவுகூர்ந்தேன்’ என்று ஒருவர் சொன்னால், நன்றாகத் திட்டித் தீர்த்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘ஸ்ஹதாதி’, ‘ப்ரிஹதாதி’, நினைவூட்டுவதற்கான ‘நஹதாதி’ மூன்றின் நடுவிலும் ஒரே வேர் இருக்கிறது. அதிலிருந்து வந்த ‘ஹாத்கா’ என்றால் எண்ணம். எண்ணுவதும் நினைவுகூர்வதும் ஒரே வேரில் நிற்பதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். நம் ‘நினை’யும் அப்படித்தானே? இதனால்தான் என் மாணவர்களிடம் சொல்வேன்: தமிழில் யோசித்து நேரே உக்ரைனியத்துக்குப் போங்கள், நடுவில் ஆங்கிலத்துக்கு நாற்காலி போடாதீர்கள். ‘கதவைப் பூட்ட மறந்துவிடாதே’ என்று நாம் சொல்வதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். ‘பூட்டுவதை நினைவில் வை’ என்பது ஆங்கிலம் பேசுகிறவரின் கவலை.

கேள்வி: கணினிச் செயலிகளை உள்ளூர்மயமாக்கும் வேலை செய்கிறேன். ‘ரிமெம்பர் மி’ என்பதைப் ‘பாம்யதாய் மெனெ’ என்று போட்டேன். சரிபார்த்த உக்ரைனியப் பெண்மணி சிரிப்புக் குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

பதில்: உள்நுழையும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன் பக்கத்தில் ‘என்னை மறவாதே’ என்று இருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அது ரயில் நிலையத்தில் பிரியும்போது சொல்வது. கணினிக்கு வேண்டியது பதித்துக்கொள்ளும் வேலை: ‘ஸபாம்யதாதி மெனெ’. ‘ரிமைண்டர்’ என்றால் ‘நஹாதுவான்யா’. பழைய படங்களைக் காட்டும் ‘மெமரீஸ்’ என்றால் ‘ஸ்போஹதி’. கணினியின் ‘மெமரி’ மட்டும் ‘பாம்யாத்’.

கேள்வி: ‘மெமரி’க்கு ‘பாம்யாத்’, ‘ஸ்போஹத்’ என இரண்டு பெயர்ச்சொற்கள் ஏன்?

பதில்: பாத்திரம் ‘பாம்யாத்’, அதிலிருந்து அள்ளுவது ‘ஸ்போஹத்’. ‘எனக்கு ஒரு நல்ல மெமரி இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஞாபக சக்தியா, ஒரு இனிய நிகழ்ச்சியா என்ற குழப்பம் வரலாம். உக்ரைனியத்தில் வராது. நினைவலைகளாக எழுதிய நூலும் பன்மையில் ‘ஸ்போஹதி’ தான். ‘ஸ்போமின்’ என்று இன்னொன்றும் இருக்கிறது. அது கவிதைக்கு நன்றாக இருக்கும், கடிதத்துக்குக் கொஞ்சம் அலங்காரம்.

விதிவிலக்கு மாதிரித் தோன்றும் ஓர் இடம் சொல்கிறேன். கீவில் ஹோலோதோமோர் அருங்காட்சியகத்தின் முன்னால், கையில் சில கோதுமைக் கதிர்களை மார்போடு அணைத்தபடி ஒரு மெலிந்த சிறுமியின் சிலை நிற்கிறது. 1932–33 பஞ்சத்தில் இறந்தவர்களுக்கான நினைவிடம் அது. சிலையின் பெயர் ‘ஹிர்கா பாம்யாத் தித்தின்ஸ்த்வா’, ‘குழந்தைப் பருவத்தின் கசந்த நினைவு’. ஒரு குழந்தையின் நினைவு என்றால் ‘ஸ்போஹத்’ அல்லவா வர வேண்டும் என்று முதலில் நான் நினைத்தேன். பிறகு புரிந்தது. ஸ்போஹத் என்றால் ஒருத்திக்கு எப்போதாவது வந்துபோகிற ஒரு காட்சி. அந்தச் சிலை வந்துபோகிறதைப் பற்றிப் பேசவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘மெமரி’ என்பதால், ஆங்கிலப் பெயரை மட்டும் படித்துவிட்டு அதிலிருந்து தமிழாக்குகிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

கேள்வி: போரில் இறந்த உக்ரைனிய நண்பருக்காக நாங்கள் சில பழைய வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஒரு சின்னப் பலகை வைக்கிறோம். ‘இன் லவ்விங் மெமரி’, ‘லெஸ்ட் வி ஃபர்கெட்’ இரண்டையும் உக்ரைனியத்தில் எழுதித் தர முடியுமா?

பதில்: தருகிறேன், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது.

‘இன் லவ்விங் மெமரி’யைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நேசிக்கிற நினைவில்’ என்று வரும். நேசிப்பது நினைவா, நீங்களா? உக்ரைனியக் கண்ணுக்கு அது ஏதோ பொருளின் விலைச்சீட்டில் வரும் மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கும். அங்கே கல்லில் எழுதுவது நான்காம் வேற்றுமையில் தொடங்கும்: ‘ஸ்வித்லீய் பாம்யாதி’, அதன் பிறகு பெயர். ‘இன்னாரின் ஒளியான நினைவுக்கு’ என்று அர்த்தம். அன்பைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றால் கீழே வினைகளாகச் சொல்வார்கள்: ‘பாம்யதாயெமோ, ல்யூபிமோ, சுமுயெமோ’. நினைவில் வைத்திருக்கிறோம், நேசிக்கிறோம், ஏங்குகிறோம். கல்லறைகளில் நான் அடிக்கடி பார்த்தது. அதில் ‘நாங்கள்’ என்ற சொல்லே கிடையாது, வினையின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, தமிழில் இருப்பதுபோல.

‘லெஸ்ட் வி ஃபர்கெட்’ இன்னும் தொல்லை. 1897இல், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஆண்டில், ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் எழுதிய ஒரு பாட்டின் பல்லவி வரி அது. பின்னால் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் போன்ற நாடுகள் போர் நினைவிடங்களில் எடுத்துக்கொண்டன. அதற்குப் பின்னால் ஒரு வேண்டுதலின் தொனியும் அந்த நாடுகளின் நூறாண்டுப் பழக்கமும் இருக்கின்றன. ‘மறந்துவிடாமல் இருப்பதற்காக’ என்று உக்ரைனியத்தில் போட்டால் சாமான் சீட்டின் தலைப்புப்போல ஆகிவிடும். அங்கே அதன் இடத்தில் நிற்பது ஒற்றைச் சொல்: ‘பாம்யதாயெமோ’. மறந்துவிடுவோமோ என்ற பயத்தை விட்டுவிட்டு, நினைவில் வைத்திருக்கிறோம் என்ற செய்தியை மட்டும் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரை நினைவுகூரும் மே 8ஆம் தேதிச் சுவரொட்டிகளிலும் ‘பாம்யதாயெமோ. பெரெமஹாயெமோ’ என்று பார்த்திருக்கலாம்: ‘நினைவில் வைத்திருக்கிறோம், வெல்கிறோம்’. அந்த நாளுக்கு 2014இல் ஒரு சிவப்புப் பாப்பி மலர்ச் சின்னத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் பார்த்தால் மலர், இன்னொரு பக்கம் பார்த்தால் குண்டு துளைத்த இரத்தக் காயம்.

அந்தச் சின்னத்தோடு வந்த வாசகத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘நெவர் அகெய்ன்’ என்பதை ‘நிகோலி ஸ்னோவு’ என்று போட்டார்கள். ஒருபோதும்-மறுபடி. ஆங்கிலத்தின் இரண்டு சொல்லுக்கு நேர் நேராக இரண்டு சொல். என் காதுக்கு ‘நிகோலி பில்ஷெ’, ‘இனி ஒருபோதும்’ என்பதுதான் இயல்பு. பாட்டியும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் அச்சாகி, பரவி, பழகிவிட்டது. இனி அதைத் திருத்தப் புறப்படுவது வீண் வேலை. உங்கள் பலகையில் அது வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

ஆக உங்கள் பலகை: மேலே ‘ஸ்வித்லீய் பாம்யாதி’, நடுவில் நண்பர் பெயர் ஆறாம் வேற்றுமையில், கீழே ‘பாம்யதாயெமோ’. 2014இலிருந்து வீரர்களின் இறுதி ஊர்வலங்களில் ‘ஹெரோயி நெ வ்மிராயுத்’, வீரர்கள் சாவதில்லை, என்று முழங்குகிறார்கள். அதைச் சேர்க்கலாமா என்பதை அவர் குடும்பத்திடம் கேளுங்கள். சில குடும்பங்களுக்கு அது பெருமை; என் பாட்டியின் பக்கத்து வீட்டம்மாவுக்கு அதைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடத் தோன்றும்.

கேள்வி: ‘ஆனிவர்சரி’ என்பதற்கு அகராதியில் பார்த்து ‘யுவிலெய்’ என்று ஓர் அறிவிப்பில் போட்டுவிட்டேன். ஹோலோதோமோர் நினைவு நாளுக்கான அறிவிப்பு அது. பெரிய தப்பா?

பதில்: கொஞ்சம் பெரிய தப்புதான். ‘யுவிலெய்’ என்றால் கேக்கும் மாலையும் வாழ்த்துரையும். ‘பொன்விழா’, ‘மணிவிழா’ என்கிறோமே, அந்த வரிசை. பொதுவான சொல் ‘ரிச்னித்ஸ்யா’. துயர நிகழ்ச்சிக்கும் மரணத்துக்கும் ‘ரோகோவினி’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இறந்த ஒன்பதாம் நாளுக்கும் நாற்பதாம் நாளுக்கும் கூடத் தனித்தனிச் சொற்கள் உண்டு: ‘தெவ்யாத்தினி’, ‘சொரோகோவினி’. ஆங்கிலத்தில் போய்த் தேடினால் இவை கிடைக்கவே கிடைக்காது.

உங்கள் அறிவிப்பில் நேரத்தையும் திருத்துங்கள். ஹோலோதோமோர் நினைவு நாள் நவம்பரின் நான்காவது சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நீங்கள் போட்டிருக்கும் காலை ஒன்பது மணி வேறொன்று: 2022 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது, போரில் இறந்தவர்களுக்காகத் தினமும் காலை ஒன்பதுக்கு நாடு முழுதும் ஒரு நிமிட மௌனம். அதற்கு ‘ஹ்விலீனா மோவ்சான்யா’ என்று பெயர். ‘ஒரு நிமிட அமைதி’ என்று நினைத்துக்கொண்டு ‘திஷா’ என்ற சொல்லைப் போடாதீர்கள். ‘திஷா’ என்றால் சத்தமில்லாத அமைதி, காட்டில் இருப்பது. ‘மோவ்சான்யா’ என்றால் பேச முடிந்தவர் பேசாமல் இருப்பது. தமிழில் மௌனத்துக்கும் அமைதிக்கும் உள்ள தூரம்தான்.

கேள்வி: மருத்துவமனைக் குறிப்பு ஒன்றில் நோயாளி ‘பெஸ் பாம்யாதி’ என்று உறவினர் சொன்னதாக இருந்தது. ஆங்கிலத்தில் ‘வித்தவுட் மெமரி’ என்று எழுதினேன். மருத்துவர் மறதி நோய் என்று நினைத்துக்கொண்டார்.

பதில்: அந்த நோயாளிக்கு நினைவு தப்பியிருந்தது. பாருங்கள், தமிழில் இதைச் சொல்ல எனக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை! ‘நினைவு திரும்பியது’ என்று நாம் சொல்வதுபோலவே ‘பாம்யாத்’துக்கும் ஞாபகம், சுயஉணர்வு என்று இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்து ‘மெமரி’க்குத்தான் இரண்டாவது பொருள் இல்லை. மருத்துவக் குறிப்பில் உணர்விழந்தவருக்கு ‘நெப்ரிதோம்னிய்’ என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். ஒருவன் ஒருத்தியை ‘பெஸ் பாம்யாதி’ காதலிக்கிறான் என்றால் பைத்தியமாகக் காதலிக்கிறான் என்று பொருள். அவனுக்கு மருத்துவர் வேண்டாம்.

கேள்வி: ‘லெட்ஸ் மேக் மெமரீஸ்’ என்று உக்ரைனியத் தோழிக்குப் பயண அழைப்பு எழுத வேண்டும்.

பதில்: நினைவுகளைத் தயாரிப்போம் என்று எழுதினால் தொழிற்சாலை ஞாபகம் வரும், ஆனாலும் இளைஞர்கள் இப்போது அப்படியும் எழுதுகிறார்கள். ‘பூதெ ஷ்சோ ஸ்ஹதாதி’ என்று எழுதுங்கள்: ‘அப்புறம் நினைத்துப் பார்க்க ஏதாவது இருக்கும்’. ஊர் சுற்றிவிட்டு வந்து, கால் வலியோடு அவர்கள் சொல்வது.

பயணத்தில் ஏதாவது பரிசு வாங்கினால் ‘ந பாம்யாத்’, நினைவாக, என்று கொடுங்கள். இரண்டு சொல்லாக. இதையே சேர்த்து ஒரு சொல்லாக எழுதினால் ‘மனப்பாடமாக’ என்று மாறிவிடும். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தில் ‘நல்ல, நீண்ட நினைவுக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பாட்டி எனக்குக் கொடுத்த படத்தின் பின்னால், அவர் இளமையில் ஒரு தோழி எழுதிக் கொடுத்த அந்த வரி இருக்கிறது. என் பெயருக்கு இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் ‘இப்போது உனக்கு’ என்று எழுதித் தந்தார்.

கேள்வி: சின்னச் சின்ன வழக்குகள் சில: ‘இஃப் மை மெமரி சர்வ்ஸ் மி ரைட்’, ‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’, ‘ஆன் த டிப் ஆஃப் மை டங்’, ‘ரிமெம்பர் மி டு யுவர் மதர்’.

பதில்: முதலாவது: ஆங்கிலத்தில் ஞாபகம் வேலைக்காரன், சேவை செய்யும். உக்ரைனியத்தில் அது துரோகம் செய்யக்கூடிய ஆள்: ‘என் ஞாபகம் என்னைக் காட்டிக்கொடுக்காவிட்டால்’. இரண்டாவது: தலையிலிருந்து பறந்துவிட்டது. மூன்றாவது: நமக்கு நாக்கு நுனியில் நிற்கிறது, அவர்களுக்கு நாக்கில் சுழல்கிறது. நான்காவதில் நினைவே கிடையாது, அம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறோம், அவ்வளவுதான். அங்கே ‘பாம்யாத்’ எதையாவது நுழைத்தால் அந்த அம்மா இறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: (பலகை வைப்பவரிடமிருந்தே இரண்டாவது கடிதம்.) கல் செதுக்குபவர், உக்ரைனிய எழுத்தில் ‘பாம்யாதி’ நடுவில் வரும் மேற்குறியை (அபாஸ்ட்ரபி) விட்டுவிடலாமா என்று கேட்கிறார். அழகாக இல்லையாம்.

பதில்: கூடவே கூடாது. அந்தக் குறிதான் ‘ம்’ என்பதையும் ‘யா’ என்பதையும் பிரித்து நிறுத்துகிறது. இல்லாவிட்டால் ‘ம்’ இளகிவிடும். ஆனால் உச்சரிப்பு இங்கே பெரிய விஷயமில்லை. இதன் மூல வடிவமான ‘பாம்யாத்’தை உக்ரைனியத்தில் எழுதி அந்தக் குறியை எடுத்துவிட்டால், எஞ்சுவது அப்படியே ரஷ்ய மொழிச் சொல்; ‘பாம்யாதி’யில் ரஷ்ய வடிவத்திலிருந்து வேறுபடுவது கடைசி எழுத்து மட்டும்தான். உங்கள் நண்பர் எந்தப் போரில் இறந்தார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. விசைப்பலகையில் குறி கிடைக்காதவர்கள் அதற்குப் பதில் மேற்கோள் குறி, நட்சத்திரக் குறி எல்லாம் போட்டு வைப்பார்கள், அதையும் பார்த்துச் செதுக்கிவிடப் போகிறார். போனில் சொல்லாதீர்கள். பெரிய எழுத்தில் தாளில் எழுதி, குறியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, நேரில் போய்க் கையில் கொடுங்கள்.